கொட்டாஞ்சேனைக்குப் போன சிவப்புக் கேப்

தொண்ணூறுகளின் நடுவில், குண்டுச் செய்திகளுக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் இடையில் கொழும்பு நகரம் தினமும் ஆபீஸ் போய்த் திரும்பிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு துணியைக் கொடுப்பதற்காக நான் அங்கே போனேன். தபாலில் அனுப்பக் கூடாதா என்று பாளையங்கோட்டையில் என் தம்பி வாசலை மறித்து நின்று கேட்டான். கூடாது. கையில் வாங்கியதைக் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் படையின் வழக்கம்.

எங்கள் படை என்றதும் துப்பாக்கியைத் தேட வேண்டாம். நான் ராணுவத்தில் நர்ஸாக முப்பது வருடம் இருந்து மேஜராக ஓய்வு பெற்றவள். ஊரில் இன்னமும் “மிலிட்டரி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாளே” என்றுதான் சொல்கிறார்கள். வேலை பார்க்கவில்லை, அதிகாரியாக இருந்தேன் என்று திருத்தித் திருத்தி எனக்கும் சலித்துவிட்டது. ராணுவத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் தோளில் நட்சத்திரம் வைத்து நடந்தவர்கள் நாங்களும் சில டாக்டரம்மாக்களும்தான். முறுக்கு மீசை வைத்த சுபேதார்கள் எங்களைக் கண்டால் காலைத் தட்டி சல்யூட் அடிப்பார்கள். நான் சேர்ந்தபோது எனக்கு வயது இருபத்தொன்று, எடை நாற்பத்தொரு கிலோ. அந்த சல்யூட்டின் சத்தத்திலேயே பாதி எடை கூடியதுபோல் இருக்கும்.

முதல் வாரத்திலேயே ஒரு தப்புச் செய்தேன். எங்களுக்குத் தொப்பி கிடையாது. தலையில் வெள்ளைத் தலைத்துணி கட்டுவோம், அதுதான் தொப்பிக்குச் சமம். அது தலையில் இல்லாதபோது சல்யூட் அடிக்கக் கூடாது. யாராவது அடித்தால் நிமிர்ந்து நின்று, வணக்கம் சொல்லிக் கடந்துபோக வேண்டும். நான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு வரும்போது ஒரு ஹவில்தார் சல்யூட் அடிக்க, சந்தோஷத்தில் கையைத் தூக்கிவிட்டேன். வராந்தாவில் நின்றிருந்த எங்கள் தலைமை நர்ஸ், மேட்ரன், கூப்பிட்டார்.

“வெறுந்தலையோட கை தூக்கினா அது சல்யூட் இல்ல சிஸ்டர், ஈ கலைக்கிறது.”

அன்று பிற்பகல் நாற்பது கட்டிலுக்கும் நான் ஒருத்தியே விரிப்பு மாற்றினேன். மூலை நாற்பத்தைந்து பாகையில் மடிய வேண்டும், தலையணை உறையின் திறந்த வாய் வார்டு வாசலைப் பார்க்கக் கூடாது. மேட்ரன் சுற்றி வரும்போது நோயாளிகள்கூடப் படுத்தபடியே அட்டென்ஷனில் கிடப்பார்கள். கால் ஒடிந்தவனும் மற்றக் காலை நேராக வைத்திருப்பான்.

மேட்ரனின் பெயர் பிலோமினா. பிறந்தது கொழும்பு கொட்டாஞ்சேனை, தகப்பனார் தூத்துக்குடிக்காரர். சென்னையில் நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் உலகப் போர் வந்தது. இருபது வயதில் படையில் சேர்ந்தார். பர்மா எல்லையிலிருந்து வந்த ஆஸ்பத்திரி ரயில்களில் வேலை செய்தவர். எந்த மொழிக்காரன் வலியில் கத்தினாலும் அவருக்குப் புரியும் என்று சொல்வார்கள். யாரையும் பாராட்ட மாட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தால் அன்று வேலை சரி என்று நாங்களே அர்த்தம் செய்துகொள்வோம். தாயாருக்கு உடம்பு முடியாமல் போனதும் பதவியை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். போகிற அன்று தன் சிவப்புக் கேப்பைக் கழற்றி என் தோளில் போட்டார்.

கேப் என்பது தோளை மூடி முழங்கை வரை வரும் சிறிய மேலங்கி. ஒருத்தி போகும்போது தனக்குப் பிடித்த இளையவளுக்கு அதைக் கொடுப்பது எங்கள் ஆஸ்பத்திரி வழக்கம். வாங்கியவள் காலரின் உள்பக்கத்தில், கொடுத்தவரின் பணி எண்ணுக்குக் கீழே தன் எண்ணை அழியாத மையால் எழுத வேண்டும். மேலே இருப்பதை அழிக்கக் கூடாது. எழுபத்தொன்று பாகிஸ்தான் போரின்போது அதைப் போட்டுக்கொண்டுதான் வார்டில் நின்றேன். எங்கள் ஆளும் வந்தான், எதிரிப் படைக் கைதியும் வந்தான். வார்டுக்குள் வந்துவிட்டால் இருவருக்கும் கட்டில் நம்பர்தான். அயோடின் பட்ட கறை இன்னும் உள்துணியில் இருக்கிறது.

இத்தனை வருடம் கழித்து மேட்ரனிடமிருந்து வந்த கடிதம் நாலே வரி. ஈரலில் கட்டி, டாக்டர் இரண்டு மாதம் சொல்லியிருக்கிறார், நானே பலருக்கு இப்படிச் சொன்னவள் என்பதால் நம்புகிறேன். என்னை அந்தக் கேப்போடு அடக்கம் செய்ய வேண்டும். கொண்டுவா. வரும்போது தூத்துக்குடி மக்ரூனும் கொண்டுவா.

புத்தியுள்ள எவரும் யுத்தம் நடக்கிற நாட்டுக்கு ராணுவ உடுப்பைக் கொண்டுபோகும்போது தோளில் தைத்த நட்சத்திரங்களைப் பிரித்துத் தனியே வைத்திருப்பார்கள். நான், கேப்டனாக இருந்தபோது வைத்த மூன்று நட்சத்திரத்தையும் பித்தளைப் பாலிஷ் போட்டு முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து, கேப்பை இஸ்திரி போட்டு மடித்துவைத்தேன். மேட்ரன் கையில் மங்கிய நட்சத்திரத்தைக் கொடுக்க முப்பது வருடப் பழக்கம் விடவில்லை.

கொழும்பின் வெள்ளவத்தையில் தேவகி வீட்டில் தங்கினேன். சென்னைத் தோழி ஒருத்தி சொல்லி ஏற்பாடு செய்த இடம். கடலை நோக்கி இறங்குகிற, ஒழுங்கை என்று அவர்கள் சொல்லும் சந்து ஒன்றில் வீடு. ரயில் போகும்போது அலமாரிக் கோப்பைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். தேவகி யாழ்ப்பாணத்து ஆள், ஓய்வு பெற்ற ஆசிரியை, என்னைவிட இரண்டு வயது இளையவள். நான் பெட்டியை வைப்பதற்குள் என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு பொலிஸில் பதியப் போய்விட்டாள். வீட்டுக்கு வெளியூர் ஆள் வந்தால் அதுதான் முதல் உபசாரம், தேநீர் அதற்குப் பிறகு.

காலையில் இடியப்பமும் சொதியும். எங்கள் திருநெல்வேலியில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாரை உட்காரவைத்து ஊற்றுகிற விருந்து, காய்கறி மிதக்கும், இஞ்சித் துவையல் பக்கத்தில் இருக்கும். இங்கே அது தினமும் காலையில் தட்டில் ஓடுகிற தேங்காய்ப்பால். ஏழெட்டு இடியப்பம் உள்ளே போனபிறகு எங்கள் ஊர் கொஞ்சம் அதிகமாகவே அலட்டிக்கொள்கிறது என்று தோன்றியது. தேங்காய்ச் சம்பலின் காரத்தில் கண் கலங்கியதைத் தேவகி பார்த்துவிட்டு, தண்ணீர் வைத்தாள்.

என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். அவள் கை சொதிச் சட்டியின் கரண்டியில் அப்படியே நின்றது.

“இந்தியன் ஆமியோ?”

“நர்ஸ்.”

“நர்ஸும் ஆமிதானே. உங்கட ஆமி எங்கட ஊருக்கு வந்து போனது. நான் அதைப் பற்றிக் கதைக்க விரும்பேல்ல, அக்கா.”

எங்கள் ராணுவம் அமைதிப் படை என்று யாழ்ப்பாணம் போயிருந்த அந்த ஆண்டுகளில் நான் சென்னையில் இருந்தேன். அங்கிருந்து ஸ்ட்ரெச்சரில் திரும்பி வந்தவர்களை மட்டும் பார்த்தவள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அது அவளுக்கு எந்தக் கணக்கிலும் பதில் ஆகாது என்று தெரிந்ததால் தட்டைக் கழுவிவைத்துவிட்டுக் கிளம்பினேன். பெருமைப்படுகிற விஷயத்துக்கு இன்னொருத்தி முகம் சுளிக்கும்போது எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். எங்கள் ஊர்ப் பஸ்ஸில் கண்டக்டர் பின்வாசலில் அதிகாரம் செய்வார். இங்கே அவர் படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, போகும் இடங்களின் பெயர்களைச் சந்தை வியாபாரிபோல் கூவிக்கொண்டு வருகிறார். பாதி வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் போய் அதே பஸ்ஸில் ஏற வேண்டும். பழகியவர்கள் பேசிக்கொண்டே இறங்கினார்கள். எனக்கு முன்னால் போன அம்மாள் பக்கத்துப் பெண்ணிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். மீன் விலை பற்றியது என்று அவள் கைகளே சொல்லின.

என் முறை வந்தது. அகலத் தோள்களும் கையில் இரண்டு பட்டியுமாக ஒரு கோப்ரல் என் பையைத் திறந்தார். வெயில் நேராக நட்சத்திரத்தில் விழுந்தது. அவர் பையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போனார்.

பயந்த மாதிரி நின்றிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். நான் நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில், நான் மேஜர், இதைக் கவனமாகக் கையாளுங்கள் என்றேன். ஒரு நிமிடத்தில் என்னைச் சுற்றி ஐந்து பேர். இன்னொரு நிமிடத்தில் பஸ் புறப்பட்டது. இருக்கையில் இடம்பிடிக்க நான் வைத்திருந்த மக்ரூன் பெட்டி மட்டும் தனியாகக் கொட்டாஞ்சேனை போனது.

பக்கத்திலிருந்த பொலிஸ் நிலையத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் மரியாதைக் குறைவாக நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நரைத்த தலை இன்ஸ்பெக்டர் தேநீர்கூடத் தந்தார். தேவகி பதிந்துவைத்ததை வெள்ளவத்தைப் பொலிஸில் போனில் கேட்டதால் நான் யார் என்பது தெரிந்தது. ஆனால் கேப்பை விடவில்லை. நட்சத்திரம் வைத்த உடுப்பு ஊருக்குள் வந்தால் இந்தக் காலத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், உரிமையாளர் நேரில் வந்து தன்னுடையது என்று காட்டினால் பார்க்கலாம், இல்லாவிட்டால் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்றார். மேலிடம் போன துணி திரும்புவதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியும். நானும் முப்பது வருடம் ஒரு மேலிடத்துக்குக் கீழே இருந்தவள்தானே. மேட்ரனுக்கு அத்தனை மாதம் இல்லை.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, என் பாலிஷ் புத்தியை நொந்து அழுதேன். தேவகி எல்லாவற்றையும் கேட்டாள். எதற்காக அந்தக் கேப் என்று ஒருமுறை மட்டும் கேட்டாள். சொன்னேன். மறுநாள் காலை நான் புறப்படும்போது சேலை கட்டி, குடையோடு வாசலில் நின்றாள்.

“உங்களுக்குச் சிங்களம் தெரியாது. நான் வாறன்,” என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, “உங்கட ஆமிக்காக இல்ல. அந்த மனுசிக்காக,” என்றாள்.

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துச் சங்கும் கோயில் மணியும் தேவாலய மணியும் ஒன்றுக்கொன்று இடம் விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தன. தன் அண்ணன் மகன் வீட்டில், மாடி அறையில் மேட்ரன் இருந்தார். எழுபத்து மூன்று வயது. கால்கள் வீங்கி, முகம் மஞ்சள் பூத்து, உடம்பு பாதியாகியிருந்தது. கட்டில் விரிப்பின் மூலை மட்டும் நாற்பத்தைந்து பாகையில் மடிந்திருந்தது. என்னை அறியாமல் அட்டென்ஷனில் நின்றுவிட்டேன்.

“எங்க சிஸ்டர் என்ட கேப்?”

நடந்ததைச் சொன்னேன். மக்ரூன் போனதையும் சொன்னேன். நான் நினைத்ததுபோல் அவர் திட்டவில்லை, அழவும் இல்லை. போர்வையை விலக்கினார்.

“உரிமைக்காரி வரவேணும் எண்டா உரிமைக்காரி வருவா. கீழ இறக்குங்க,” என்றார்.

அண்ணன் மகன் வேலைக்குப் போயிருந்தார், எங்களுக்குக் கதவு திறந்துவிட்ட அவர் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூடம் போயிருந்தார். படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை மேட்ரனே எங்களிடம் சொல்லி, அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். நான் தேவகிக்கு நாலுகை இருக்கை சொல்லிக்கொடுத்தேன். அவள் தன் இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்து, இடது கையால் என் வலது மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், நானும் அப்படியே. நாலு கையும் சேர்ந்தால் நாற்காலி. போர்முனையில் காயம்பட்டவனை இப்படித்தான் தூக்குவோம். தேவகியின் பிடி இரும்பாக இருந்தது. குறுகலான படியில் பக்கவாட்டாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினோம். நடுவில் மேட்ரன், எங்கள் தோள்களில் கை போட்டபடி, “ஸ்டெப் பிழைக்குது” என்று இரண்டு பேரையும் அதட்டிக்கொண்டு வந்தார்.

திரீவீலர் பிடித்தோம். முதலில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நிறுத்தச் சொன்னார். கைப்பையிலிருந்து, பூசைக்குத் தலையை மூடும் வெள்ளை நெட் துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றபடியே ஒரு நிமிடம் வேண்டினார். பிறகு நெட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். அதன்பிறகு திரீவீலர் இரண்டு முறை நின்றுபோனது. டிரைவர் இறங்கிப் பின்னால் ஏதோ தட்டினார். இரண்டாம் முறை அவர் தட்டியபோது, போர்முனையில் இந்த வண்டி என்றால் நோயாளி செத்திருப்பான் என்று மேட்ரன் சிங்களத்தில் சொன்னதாகத் தேவகி சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலி போட்டார். மேட்ரனும் அவரும் சிங்களத்தில் பேசினார்கள்; தேவகி என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். உங்களுடையது என்பதற்குப் பத்திரம் ஏதும் உண்டா என்று கேட்டார் அவர். மேட்ரன் சொன்ன பதிலைச் சொல்வதற்கு முன் தேவகி கொஞ்சம் தயங்கினாள்.

“பத்திரம், மெடல், போட்டோ எல்லாம் எண்பத்து மூண்டுக் கலவரத்தில வீட்டோட எரிஞ்சிட்டுதாம். அவவட்ட மிச்சம் இருக்கிறது இந்தக் கேப் மட்டும்தானாம்.”

இன்ஸ்பெக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். எனக்குக்கூட அது அன்றைக்குத்தான் தெரியும். ஒரு படையில் இருபது வருடம் உழைத்த பெண்மணிக்கு அதைக் காட்ட ஒரு காகிதம் மிச்சமில்லை. நான் என் தோளில் போட்டுத் திரிந்ததால்தான் அவருடைய பெருமையில் ஒரு முழம் துணியாவது தப்பியிருக்கிறது.

மேட்ரன் தொண்டையைச் செருமினார். காலரைத் திருப்பிப் பாருங்கள், இரண்டு எண் இருக்கும், மேலே இருப்பது என்னுடையது என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில், ஒவ்வொரு இலக்கமாகத் தன் பணி எண்ணைச் சொன்னார். ரோல் காலில் சொல்கிற அதே குரல், அதே இடைவெளி. இன்ஸ்பெக்டர் கேப்பை எடுத்து, காலரைத் திருப்பி, மங்கிய மையை விரலால் தொடர்ந்து படித்தார். கடைசி இலக்கத்தில் அவர் தலை தானாக அசைந்தது.

கீழே இருப்பது யாருடையது என்று கேட்டார். மேட்ரன் என் பக்கம் திரும்பவே இல்லை.

“சிஸ்டர்,” என்றார்.

நான் எழுந்து நின்று என் எண்ணைச் சொன்னேன். குரல் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்துவிட்டது. வெளியே நின்ற கான்ஸ்டபிள் எட்டிப்பார்த்தார். மறைக்காமல் சொல்கிறேன், என் பதவி உயர்வு நாள்கூட எனக்கு இத்தனை பெருமையாக இருந்ததில்லை.

கையெழுத்து வாங்கிக்கொண்டு இன்ஸ்பெக்டர் கேப்பை இரண்டு கையாலும் நீட்டினார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போகும்படி கேட்டுக்கொண்டார். மேட்ரன் சரி என்று சொல்லிவிட்டு, வாங்கி, வீட்டுச் சேலைக்கு மேல் தோளில் போட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பார்த்தும் பார்க்காததுபோல் பேனாவை மூடினார்.

வாசலுக்கு நானும் தேவகியும் இரண்டு பக்கமும் தாங்கிக் கூட்டிவந்தோம். அங்கே அதே கோப்ரல் நின்றார். சிவப்புத் துணி, அதன்மேல் மூன்று நட்சத்திரம். அவர் கண் அதில் பட்டதும் உடம்பு தானாக விறைத்தது. பூட்ஸ் தரையில் மோத, கை நெற்றிக்குப் போனது. எந்த நாட்டுப் படையாக இருந்தாலும் பழக்கம் பழக்கம்தான்.

மேட்ரன் நின்றார். எங்கள் கைகளை விலக்கிவிட்டார். கைப்பையைத் திறந்தார். அவர் என்ன தேடுகிறார் என்று தேவகிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கோயில் நெட்டை எடுத்து உதறி, தலையில் போட்டு, காதோரம் சரிசெய்தார். கோப்ரல் கையை இறக்காமல் நின்றார். தலை மூடியபிறகுதான் மேட்ரன் நிமிர்ந்தார். வீங்கிய கால்கள் ஒன்றுசேர்ந்தன. கை மேலே போனது, நடுங்காமல் நின்றது, கீழே வந்தது.

திரீவீலரில் கேப்பின் நட்சத்திரத்தை விரலால் தடவிக்கொண்டே வந்தார்.

“நல்லா மினுங்குது. பொலிஷ் போட்டது ஆர், நீயா?”

“ஆமாம், மேட்ரன். அதனால்தான் பிடிபட்டேன்.”

“பிடிபட்டது பரவாயில்ல. சரியாத்தான் செய்திருக்கிறாய், சிஸ்டர்.”

முப்பத்துச் சொச்சம் வருடத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பாராட்டு. நான் வெளியே பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்னால் உட்கார இடமில்லாமல் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கியிருந்த தேவகி அந்தப் பாராட்டைச் சிங்களத்தில் அந்த டிரைவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சொன்ன இரண்டு மாதத்தை மேட்ரன் நாலு மாதமாக்கினார். பாளையங்கோட்டைக்குத் தேவகிதான் கடிதம் எழுதினாள். இடையில் அவள் வாரம் ஒருமுறை கொட்டாஞ்சேனை போய்வந்திருக்கிறாள் என்பது அதில்தான் தெரிந்தது. கேப் போட்டுத்தான் அடக்கம் செய்தார்கள் என்று எழுதியிருந்தாள். உடுப்பு உடுத்திவிட்டவளும் அவள்தானாம். கடைசி வரி இப்படி இருந்தது:

“தலையில நெட்டையும் போட்டுவிட்டனான், அக்கா. போற வழியில ஆராவது சல்யூட் அடிச்சா, அவ வெறுந்தலையோட நிக்கக் கூடாதெல்லோ.”